உழவர் வீடு சொல்லும் வரலாறு

வந்தவாசி என்றவுடன் வரலாறு பயின்றோர் நினைவில் எழுவது 1760 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22 ஆம் நாள் நிகழ்ந்த போரேயாகும். அயர் கூட் நடத்திய ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை இங்கே முறியடித்தது. மறு ஆண்டே புதுச்சேரியும் வீழ்ந்தது. கோட்டையின் கதையை நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அப்படைகள் உண்ட நெல்லும், குதிரைகள் தின்ற வைக்கோலும் எவர் வீட்டிலிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பகுதியில் வீட்டுக்கு இருந்த மதிப்பு மிகப் பழையது. வந்தவாசிக்கு வடகிழக்கே அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. அந்தணர் சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் இறை செலுத்தும் நிலமுடையோராக இருப்பதோடு, சொந்த மனையில் வீடு கட்டி வாழ்வோராகவும் இருத்தல் வேண்டும் என அவை விதிக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையை அளந்த பர்னார்டு என்னும் கும்பினிப் பொறியாளரும் ஊர்தோறும் வீடுகளைக் கணக்கிட்டார்.

உழவர் வீடு எவ்வாறு அமைந்திருந்தது? தெருவை நோக்கித் திண்ணை. வழிப்போக்கர் கேளாமலே அமர்ந்து இளைப்பாறும் இடம் அது. அடுத்து இடைகழி, அதனைக் கடந்தால் வானம் பார்த்த முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. ஏறத்தாழ ஒரு முழ அகல மண்சுவர் கோடை வெப்பத்தைத் தடுத்தது. மண்ணோடு வைக்கோல் கலந்து மிதித்து, ஒரு படை காய்ந்த பின்னரே மறு படை ஏற்றுவர். கூரைக்குப் பனஞ்சட்டம், மேலே கீற்றோ நாட்டு ஓடோ வேய்வர். பின்கட்டில் அடுக்களை, புழக்கடை, மாட்டுக் கொட்டில். கூடத்தில் நாற்காலி இராது. வந்தவாசிக் கோரைப்பாயை விரித்தால் அதுவே விருந்தினர்க்கு இருக்கை, இரவில் படுக்கை. முஸ்லிம் உழவர் வீடும் இதே அமைப்பினதுதான். பெண்டிர் புழங்கும் உட்கட்டுக்கு இடைகழியில் ஒரு திரை தொங்கும், அவ்வளவே வேறுபாடு.

வீட்டின் உயிர்நிலை நெற்குதிர். களிமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசி, அடியில் ஒரு சிறு வாய் வைப்பர். உணவும் விதையும் அதில்தான் இருந்தன. குதிர் வெறுமையானால் அடுத்த ஆண்டு விதைப்பும் இல்லை.

1780 இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்தபோது, ஆங்கிலேயர்க்கு உணவு கிட்டாதிருக்கும் பொருட்டுச் சென்னையைச் சூழ்ந்த நாடு எரியூட்டப்பட்டது. ஹைதரின் வீரத்தைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் ஆகாது. வந்தவாசிக் கோட்டையை பிளின்ட் என்னும் இளம் அதிகாரி காத்து நின்றார். கோட்டைக்கு வெளியே இருந்த குடியானவர்க்குக் காவல் ஏது? போரைத் தொடர்ந்து கொடிய பஞ்சமும் வந்தது. இறுதியில், 1783 இல் ஆங்கிலேயரே அக்கோட்டையைத் தகர்த்துவிட்டுச் சென்றனர்.

கோட்டை அதன்பின் எழவில்லை, ஊர்கள் எழுந்தன. ஏரி மண்ணும் கரைப் பனையும் இருந்தவரை உழவன் மீண்டும் சுவர் எழுப்பினான். 1801 இல் நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்கு மாறியது. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், தட்டை ஓடு மெல்ல மெல்லச் சிற்றூர்க் கூரைகளிலும் ஏறிற்று. திண்ணையும் முற்றமும் மட்டும் மாறவில்லை.

இன்று அவையும் மறைந்து வருகின்றன. பாகப்பிரிவினையில் முற்றத்தின் நடுவே சுவர் எழுகிறது. தூண்களும் கதவுகளும் விலைக்குப் போகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பழைய வீடுகள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் நிறுவியுள்ளனர். எல்லா வீடுகளையும் அவ்வாறு காத்தல் இயலாது. மழைக்கு ஒழுகும் வீட்டில் இடர்ப்பட்டு வாழுமாறு எவரையும் நாம் கேட்கவும் மாட்டோம்.

எனினும், இடிக்குமுன் ஒரு நாள் ஒதுக்கலாம். சுவர்களை அளந்து படம் வரைந்து வைக்கலாம். பழைய பத்திரங்களைப் பத்திரப்படுத்தலாம். குதிர் எங்கிருந்தது, எந்தப் பஞ்சத்தில் யார் ஊர்விட்டுப் போயினர் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதலாம். இவற்றை நம் குடும்பத்தார் எழுதாவிடில் வேறு எவரும் எழுதப் போவதில்லை.