படத்தில் தெரிந்த ஜவ்வு

நாள்பட்ட இடுப்பு வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’, ‘தேய்மானம்’ என்று இருந்துவிட்டால், வலியின் காரணம் அகப்பட்டுவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். இந்த நம்பிக்கையின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசப் பாரும் 1934இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுகெலும்புக் கால்வாய்க்குள் நரம்பை அழுத்திய சில திரட்சிகளை அதுவரை குருத்தெலும்புக் கட்டிகள் என்றே மருத்துவர்கள் கருதிவந்தனர். அவற்றில் பல, எலும்புகளுக்கு இடையிலுள்ள ‘டிஸ்க்’ என்ற ஜவ்வு கிழிந்து பிதுங்கியவைதான் என்று 19 நோயாளிகளைக் கொண்டு இருவரும் காட்டினார்கள். மகத்தான கண்டுபிடிப்பு அது. காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்குக் கண்ணால் காணக்கூடிய காரணம் கிடைத்தது. அறுவையில் நிவாரணமும் கிடைத்தது. ஆனால் அவர்கள் விளக்கியது நரம்பு நசுங்குவதைத்தான். காலுக்கு இறங்காமல் இடுப்போடு நின்றுவிடும் வலிக்கும் அதே விளக்கம் போகப்போக ஒட்டிக்கொண்டது. பிழை அங்கேதான் தொடங்கியது.

வலியே இல்லாதவரைப் படமெடுத்தால் என்ன தெரியும் என்ற கேள்விக்கு விடை வர வெகுகாலம் ஆனது. அதற்கு நியாயமும் உண்டு. அன்றைய பரிசோதனையான மையலோகிராமுக்கு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாயமருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். நலமாக இருப்பவரை யார் அப்படிக் குத்துவார்? 1968இல் ஹிட்செல்பெர்கர், விட்டன் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். காது நரம்புக் கட்டிக்காக இந்தப் பரிசோதனைக்கு வந்த 300 பேரின் முதுகெலும்புப் படங்களையும் பார்த்தார்கள். முதுகிலோ காலிலோ தொந்தரவே இல்லாத அவர்களில் 37 சதவீதத்தினரின் படங்களில் குறை தெரிந்தது. ஊசி தேவைப்படாத எம்.ஆர்.ஐ. வந்தபின் சான்று இன்னும் வலுத்தது. 1994இல் முதுகு வலி இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு ஜவ்வாவது புடைத்திருந்தது; எல்லா ஜவ்வுகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதமே. 2015இல், வலியில்லாத 3,110 பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஜவ்வுத் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதத்தினருக்கும், 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் இருந்தது. தலை நரைப்பதைப் போல இதுவும் பெரும்பாலும் வயதின் வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே 2015இல் வெளியான இன்னொரு தொகுப்பு, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் வலி உள்ளோருக்கே ஜவ்வுப் புடைப்பும் தேய்மானமும் அதிகம் என்றது. தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஆயிரம் பேரின் சராசரியில் தெரியும் தொடர்பு, ஒருவருடைய வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிவிடாது. அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா என்றால், அதுவும் தவறு. புற்றுநோய், காசநோய், எலும்பு முறிவு என்ற சந்தேகம் வரும்போதும், அறுவைக்குத் திட்டமிடும்போதும் எம்.ஆர்.ஐ.க்கு ஈடில்லை. சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ, கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி அறிக்கை கைக்கு வந்ததும், படத்தில் தெரிவது என் வலியோடும் பரிசோதனையில் கண்டதோடும் பொருந்துகிறதா, என் வயதில் இது சாதாரணமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைக்குச் சம்மதிப்பதற்கு முன் அவசியம் கேளுங்கள்.