எட்டாவது கேசட்

1991 ஜனவரி 30 அன்று ‘பபிள்கம் கிரைசிஸ்’ அனிமே தொடரின் எட்டாவது தொகுதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மொத்தம் 13 தொகுதிகள் என்பதுதான் திட்டம். ஒன்பதாவது வரவே இல்லை. ஆக, கடைசித் தொகுதி என்று நினைத்து யாரும் எடுக்காத ஒன்று கடைசித் தொகுதியாகிவிட்டது.

இது தொலைக்காட்சித் தொடர் இல்லை. ஜப்பானில் ஓ.வி.ஏ. என்று ஒரு வகை உண்டு. நேராக வீடியோ கேசட்டுக்கென்றே எடுக்கப்படும் அனிமே. 1983 டிசம்பரில் வந்த ‘டல்லோஸ்’தான் முதலாவது. வீட்டுக்கு வீடு வீடியோ பிளேயர் வந்துகொண்டிருந்த காலம் அது. டிவி நிலையத்தின் அரைமணிக் கணக்கு, பொம்மை விற்கும் விளம்பரதாரர், குழந்தைகள் பார்க்கும் நேரம் ஆகிய மூன்று தொல்லையும் ஓ.வி.ஏ.வுக்கு இல்லை. ‘பபிள்கம் கிரைசிஸ்’ முதல் தொகுதி ஐம்பது நிமிடத்தைத் தாண்டும். இரண்டாவது அரைமணி நேரம்கூட வராது. கதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு கேசட்டும் தனித்தனியாக விற்றாக வேண்டும். அடுத்தது எப்போது வரும், வருமா என்பதெல்லாம் பணம் போடுகிறவர்கள் கையில். முதல் தொகுதி 1987 பிப்ரவரியில். எட்டு வருவதற்கு ஏறக்குறைய நான்கு வருடம் பிடித்தது.

கதை நடப்பது 2032இல். பெரும் பூகம்பத்துக்குப் பிறகு மீண்டும் எழுந்த மெகா தோக்கியோ. ஜெனோம் என்ற நிறுவனம் ‘பூமர்’ என்ற இயந்திர மனிதர்களைச் செய்து விற்கிறது. அவை வெறிபிடித்துக் கிளம்பும்போது ஏடி போலீசால் சமாளிக்க முடிவதில்லை. இயந்திரக் கவசம் அணிந்த நான்கு பெண்கள் காசு வாங்கிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அவர்கள்தான் நைட் சேபர்ஸ். ‘பிளேட் ரன்னர்’ சாயல் தெரிகிறதா? அதை அவர்கள் மறைக்கவே இல்லை. பிரிஸ் என்ற பாடகியின் இசைக்குழுவுக்குப் பெயரே ‘பிரிஸ் அண்ட் தி ரெப்ளிக்கண்ட்ஸ்’!

வெடிக்கப் போகிற சூயிங்கம் குமிழி போன்ற உலகம் என்பதால் இந்தத் தலைப்பு. 1989 கடைசியில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,900ஐத் தாண்டி நின்றது. அடுத்த ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 39 சதவீதம் விழுந்தது. அதற்கடுத்த மாதம் எட்டாவது கேசட். கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குமிழி வெடித்தது, குமிழியின் பெயரைக் கொண்ட தொடரும் நின்றது என்று அழகாக முடித்துவிடலாம்.

ஆனால் தொடரை நிறுத்தியது பங்குச் சந்தை அல்ல, உரிமைத் தகராறு. ஆர்ட்மிக், யூமெக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருந்த உரிமை அது. ஆர்ட்மிக் கதையும் வடிவமைப்பும் செய்யும் இடம். யூமெக்ஸ் இசை நிறுவனம். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பாடல் ஆல்பம் வந்ததும், பிரிஸுக்கு ஓமோரி கினுகோ என்ற பாடகியே குரல் கொடுத்ததும் தற்செயல் இல்லை. பாட்டும் படமும் ஒன்றையொன்று விற்றன. தொடருக்கு உயிர் கொடுத்த அதே ஏற்பாடு, இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாதபோது தொடரையே முடக்கிவிட்டது. ‘பிராஜெக்ட்’ வேலை பார்க்கிற யாருக்கும் இது புதுசாக இருக்காது. எத்தனையோ நல்ல டிசைன் தொழில்நுட்பக் கோளாறால் சாவதில்லை, கையெழுத்தில் சாகிறது.

சரி, அந்த எட்டாவதில் என்னதான் இருக்கிறது? நால்வரில் சின்னவள் நேனே. பகலில் ஏடி போலீசில் வேலை, இரவில் நைட் சேபர்ஸ். கணினியில் கெட்டிக்காரி, சண்டையில் கொஞ்சம் சுமார். அதுவரை பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் பயன்பட்டாள். இந்தத் தொகுதியில் போலீஸ் தலைவரின் உறவுக்காரப் பெண் லீசா கேமராவோடு வருகிறாள். நைட் சேபர்ஸ் யார் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றும் பொறுப்பு நேனே தலையில் விழுகிறது. பிறகு தலைமையகத்தையே பூமர்கள் தாக்க, இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். லீசாவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் வெளியே சொல்லாமல் விடுகிறாள்.

அவ்வளவுதான். ஜெனோம் விழவில்லை. பெரிய மர்மம் எதுவும் அவிழவில்லை. ரசிகர்களில் பலருக்கு இது குறையாகப் படுகிறது. எனக்கு அப்படியில்லை. நான் இதை ஹாஸ்டலில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் பார்த்தேன். ஏழு தொகுதிகள் பழிவாங்கலும் சாவுமாக ஓடிய கதை, ஆபீஸ் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் ரகசியம் காப்பாற்றப்படுவதில் வந்து நின்றபோது, நல்ல இடத்தில்தான் நின்றது என்று தோன்றியது. முடிவு என்று தெரிந்திருந்தால் இவ்வளவு இலேசாக எடுத்திருக்க மாட்டார்கள். கட்டிடங்களை இடித்து, இரண்டு பேரைக் கொன்று, ஒரு சோகப் பாட்டு போட்டிருப்பார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. அதே 1991இல் ஆர்ட்மிக் தனியாக ‘பபிள்கம் கிராஷ்’ என்று மூன்று தொகுதிகள் கொண்டுவந்தது. விட்டுப்போன முடிவைச் சுருக்கிச் சொன்னதாகத்தான் பலர் அதைப் பார்க்கிறார்கள். அதில் முறையான வில்லன் உண்டு, முறையான இறுதிச் சண்டையும் உண்டு. ஆனால் பிரிஸின் குரல் மாறிவிட்டது. குரல் போனதும் பாதி பிரிஸ் போய்விட்டாள். ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த லின்னா இதில் பங்குத் தரகர் வேலைக்குப் போகிறாள். போயும் போயும் 1991இல்! யூமெக்ஸ் வழக்கு போட்டது. ‘கிராஷ்’ அந்த மூன்றோடு நின்றது.

ஆர்ட்மிக் 1997இல் திவாலானது. அடுத்த வருடமே ‘பபிள்கம் கிரைசிஸ் தோக்கியோ 2040’ என்று 26 பாகத் தொலைக்காட்சித் தொடராகக் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னார்கள். அமெரிக்காவில் பழைய தொடரை ஆங்கில வசனவரியோடு 1991இலேயே கொண்டுவந்தது அனிமீகோ நிறுவனம். 2013இல் அதே நிறுவனம் ரசிகர்களிடம் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி அதை ப்ளூரேயாக வெளியிட முன்வந்தபோது, காசு கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டு வாங்கியது அதே எட்டுத் தொகுதிகளைத்தான்.