மொட்டைப் படம் போன வழி

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பேரனுக்கு மொட்டை போட்ட படங்களை போனிலிருந்து பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன். கடைப் பையனிடம் இருந்தது பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய திட்டம். பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோடு முழுதாக நிரம்பியதும், "ஆச்சு சார்" என்று வெடுக்கெனப் பிடுங்கிக் கொடுத்தான்.

அரக்கோணம் வந்து பார்த்தால் பெயர்கள் எல்லாம் இருந்தன. சந்தனம் பூசிய தலையைத்தான் காணோம். கடைசி ஒன்பது படங்களும் 0 பைட்.

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. படம் முதலில் போய் இறங்குவது கணினியின் தற்காலிக நினைவகமான ராமில். அங்கே இறங்கியதுமே 'முடிந்தது' என்று இயங்குதளம் சொல்லிவிடும். லினக்ஸின் வழக்கப்படி அது 30 விநாடி வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பஸ் ஏறாதவன் ஊர் வந்துவிட்டதாக வீட்டுக்கு போன் போட்ட கதை.

கரண்ட் போனால் ராமில் இருப்பதும் சேர்ந்தே போகும். பிடுங்கினால் அப்படியில்லை, இயங்குதளம் உயிரோடு இருக்கிறது, கையில் சரக்கும் இருக்கிறது, இறக்க இடமில்லை. பென் டிரைவ் ப்ளக்கின் உள்ளே பாருங்கள், நான்கு தகடுகள். மின்சாரத்துக்கான ஓரத் தகடுகள் சற்று நீளம், தரவுக்கான நடுத் தகடுகள் குட்டை. உருவும்போது பேச்சு முதலில் அறும், உயிர் பிறகு. இயங்குதளமே டிரைவில் குடியிருந்தால்? 2020-இல் நீக்கப்பட்ட 'விண்டோஸ் டு கோ' அப்படித்தான் இருந்தது. பிடுங்கினால் திரை உறையும். திரும்பச் செருக 60 விநாடி தவணை.

பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே செய்து பார்ப்பதுதான் சிலருக்கு வேலை. கையால் ஆயிரம் தடவை பிடுங்கினால் செருகுவாய் தேயும். ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் பிடுங்கவும் வராது. அதனால் மென்பொருளிலேயே பிடுங்குகிறார்கள். லினக்ஸில் ஒரு யுஎஸ்பி சாதனத்தின் 'ஆத்தரைஸ்டு' கோப்பில் 0 என்று எழுதினால், செருகியபடி இருக்கும் டிரைவ் கர்னலுக்கு இல்லாமல் போகிறது. 'டிஎம்-ஃப்ளேக்கி' என்ற போலி டிரைவ் சில விநாடி ஒழுங்காக ஓடி, சில விநாடி மக்கர் பண்ணும். எங்கள் தெரு மின்சாரம் தோற்றது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் விஜய் சிதம்பரம், ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு உள்ளிட்டோரின் 'கிராஷ்மங்கி' என்ற சோதனைக் கருவி இன்னும் பொல்லாதது. டிரைவுக்குப் போகும் எழுத்துகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளும், 'இங்கே அறுந்திருந்தால்?' என்று அந்த அரைகுறை நிலையைத் தானே கட்டி, கோப்பு முறைமை தேறி எழுகிறதா என்று பார்க்கும். 2018-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், லினக்ஸ் கோப்பு முறைமைகளில் சிக்கிய புதுப் பிழைகள் 10. அவற்றில் 7, 2014 முதல் கர்னலில் யார் கண்ணிலும் படாமல் இருந்தவை.

நல்லவேளை, போனில் படங்களை அழிக்கவில்லை. அடுத்த கிருத்திகைக்கு அதே கடை. பையன், ராமில் இருப்பதை டிரைவில் இறக்கச் சொல்லும் 'சிங்க்' கட்டளையைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். டிரைவின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி நின்ற பிறகும், இன்னும் கொஞ்ச நேரம் தொடவில்லை.