யுத்த அதிகாரமும் அமெரிக்கக் காங்கிரசும்

முடியாட்சியிலே யுத்தம் மன்னனின் சொந்த விவகாரம். அவன் சினந்தால் குடியானவனின் மகன் மாண்டான். 1787இல் பிலடெல்பியாவிற் கூடி அமெரிக்காவுக்கு அரசியல் யாப்பு வகுத்தோர் இதனை நன்கறிந்திருந்தனர். அவர்களுட் பலர் அடிமைகளை உடைமையாகக் கொண்ட கனவான்கள் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், படைகளின் தலைமையை ஜனாதிபதிக்குக் கொடுத்தவர்கள், யுத்தப் பிரகடனத்தையும் அதற்குரிய பணத்தையும் மக்கள் பிரதிநிதிகள் அமரும் காங்கிரசின் கையில் வைத்தனர். முதல் நகலில் யுத்தம் 'செய்யும்' அதிகாரம் என்றே இருந்தது. மடிசனும் ஜெரியும் அதனைப் 'பிரகடனஞ் செய்யும்' அதிகாரமென மாற்றுவித்தனர். திடீர்த் தாக்குதலை முறியடிக்க ஜனாதிபதிக்கு இடமிருக்க வேண்டுமென்பதே அவர்கள் கருத்து. அந்தச் சிறு சந்தினூடே பின்னாளிற் பெரும் படைகளே புகுந்து சென்றன.

1950இல் ட்ரூமன் காங்கிரசைக் கேளாமலே கொரியாவிற் போரிட்டார். அதற்குப் 'பொலிஸ் நடவடிக்கை' என்று பெயர்!

ஆயின், அதிகாரத்தை ஜனாதிபதிகளே பறித்துக்கொண்டார்கள் என்பது பாதி உண்மைதான். 1964 ஆகஸ்டில், டொங்கின் வளைகுடாவில் அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்றார் ஜோன்சன். 2ஆந் திகதி மோதல் நிகழ்ந்தது மெய். 4ஆந் திகதித் தாக்குதல் நிகழவேயில்லை என்பதை 2005இல் வெளிவந்த இரகசிய ஆவணங்கள் ஐயமறக் காட்டின. ஆனால் 7ஆந் திகதியே, தேவையான நடவடிக்கை யாவும் எடுக்கலாமென்று பிரதிநிதிகள் சபை 416 வாக்குகளால் எதிர்ப்பின்றி அனுமதி கொடுத்துவிட்டது. செனற் சபையில் ஆதரவு 88, எதிர்ப்பு 2. எதிர்த்தவர் ஓரிகன் மாநிலத்து மோர்ஸும் அலாஸ்காவின் குரூனிங்குமே. பிரகடனமில்லா யுத்தத்துக்கு முன்கூட்டியே கையொப்பமிடுவது யாப்பை மீறுவதாகும் என்று மோர்ஸ் வாதாடினார். 1968இல் இருவரும் பதவியிழந்தனர். அந்த அனுமதியின் பேரில் நடந்த போரில் மாண்ட அமெரிக்கர் 58,000க்கு மேல். வியட்நாமியரோ பல இலட்சம்.

1971இல் அத்தீர்மானம் நீக்கப்பட்டது, யுத்தம் நிற்கவில்லை. 1973இல், நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, காங்கிரசின் அனுமதியின்றி 60 நாட்களுக்கு மேற் போரிடலாகாதென்று சட்டம் பிறந்தது. 1999இல் யூகோசிலாவியா மீது குண்டுவீச்சு நடந்தபோது அதே பிரதிநிதிகள் சபை வாக்கெடுத்தது: ஆதரவு 213, எதிர்ப்பு 213. அனுமதி தோற்றது. குண்டுவீச்சு 78 நாட்கள் நீடித்தது. அதற்கான பணத்தையும் அதே காங்கிரஸ்தான் ஒதுக்கிக் கொடுத்தது.