முத்துக்குளித்துறையில் வாக்குரிமையின் வரலாறு

முத்துக்குளித்துறையைச் சேர்ந்த தூத்துக்குடியின் கடற்கரைத் தெருக்களில் பதினாறாம் நூற்றாண்டு முதல் கத்தோலிக்கராய் வாழ்ந்துவரும் பரதவரும், அவர்களை அடுத்து வாழ்ந்த நாடாரும் பிள்ளைமாரும் இஸ்லாமியரும் ஒரே துறைமுகத்தால் ஜீவித்தவர்களாயினும், 1919-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களுக்குப் போலவே இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும், அவரவர் மதத்தார் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி வகுத்தமையால், அண்டை வீட்டார் சட்டசபைக்கு ஒரே பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியத்தைப் பெறவில்லை. அன்றியும், வாக்கு என்பது பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையோரின் உரிமையாகவே இருந்தமையால், சங்கு குளித்தும் மூட்டை சுமந்தும் நகரத்தின் செல்வத்தைப் பெருக்கிய ஏழைகளின் அபிப்பிராயம், 1908-இல் வ.உ.சி.யின் துணையோடு கோரல் நூற்பாலையில் வேலைநிறுத்தம் செய்து வென்ற தொழிலாளர் வர்க்கத்தின் அபிப்பிராயம் உட்பட, வாக்குப்பெட்டியைப் பெரிதும் எட்டவேயில்லை.

மதவழித் தனித்தொகுதியை நீக்கி, வயதுவந்தோர் யாவருக்கும் வாக்குரிமை அளித்த அரசியல் சாசனமும், அதன்படி நடந்த 1952-ஆம் ஆண்டுத் தேர்தலுமே இவ்விரு தடைகளையும் அகற்றின. ஆதலால், ஒரு தெருவின் அரசியல் சார்பை ஜாதியாலும் மதத்தாலும் மட்டுமே அளக்க முற்படுவோர், அத்தெருவாருக்கு வாக்குரிமை எப்போது, எவ்விதம் வாய்த்தது என்னும் சரித்திரத்தையும் ஆராய்தல் அவசியமாகும்.