ஒரே கருவில் இரு வாழ்வு



பால்மரக் காட்டில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பாட்டி ஒருவர், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாளியைத் தேடுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, தண்டல் ஏசுவார்" என்கிறார். தண்டல் காலமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டமே செம்பனைக் காடாகிவிட்டது. வீட்டிலுள்ளோர் சிரிக்கின்றனர், சில வேளை அதட்டுகின்றனர். "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடுகின்றனர். சிகாமாட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ஜொகூரின் எந்தப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்துக்கும் இக்காட்சி புதிதன்று.

இதனை முதுமையின் இயல்பு என்று உலகமே எண்ணியிருந்த காலம் உண்டு. 1901ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு ஆகஸ்தே என்னும் பெண்மணியை அழைத்து வந்தார்கள். வயது 51தான். பெயரைக் கேட்டால் "ஆகஸ்தே" என்றார். கணவர் பெயரைக் கேட்டாலும் அதையே சொன்னார். 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர், அதில் வேண்டாத படிவுகளும் நூல்போன்ற முடிச்சுகளும் இருப்பதைக் கண்டார். ஆக, இது வயதின் குற்றமன்று. மூளையைத் தாக்கும் நோய். 1910இல் இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார் கிரெப்ளின் என்னும் பேராசிரியர்.

நோய் என்றால், அது எங்கிருந்து வருகிறது? இரத்தத்தோடு வருகிறதா, வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தா? இந்த வழக்கைத் தீர்க்க மருத்துவ உலகம் அழைத்த சாட்சிகள்தாம் இரட்டையர்கள்.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்து மக்களைவிடத் தகுந்தவர் எவரும் இலர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு மரத்தை அறியாத பால்வெட்டுத் தொழிலாளி உண்டா? ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டி வளர்த்த கன்றுகள் யாவும் ஒரே வகை. ஆயினும் மேட்டில் நின்ற மரம் ஒருவிதமாகவும் பள்ளத்து ஈரத்தில் நின்ற மரம் வேறுவிதமாகவும் பால் தருகின்றன. வேறுபாடு மரத்தில் இல்லை, நின்ற இடத்தில்தான். ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையரும் அப்படியே. இரண்டு கருக்களிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் இரட்டையரோ, கொட்டையிலிருந்து முளைத்த இரு மரங்கள்போலச் சாதாரண உடன்பிறப்புகளே.

1875இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் இரட்டையர் பலருக்குக் கேள்வித்தாள் அனுப்பி இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். இவ்விரு வகையினரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முறையை 1924இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் சீமென்ஸ் விளக்கினார்.

பெரிய கணக்கேடு சுவீடனில் எழுந்தது. 1950களின் பிற்பகுதியில், புகையும் மதுவும் உடலுக்குச் செய்யும் தீங்கை அறியவென்று தொடங்கிய இரட்டையர் பதிவேடு அது. அந்த இரட்டையர் முதுமையடைந்தபோது மறதி நோயை ஆராயவும் அதுவே உதவிற்று. 65 வயதைத் தாண்டிய 11,884 இணைகளை ஆராய்ந்து மார்கரெட் காட்ஸ் குழுவினர் 2006இல் முடிவை வெளியிட்டனர். அல்சைமர் நோயில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 58 முதல் 79 விழுக்காடு வரை பரம்பரைக் கூறு என்றது அது.

இவ்விடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். தாய்க்கு வந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்பது இதன் பொருளன்று. ஒரே கருவில் பிறந்த இருவரிலும்கூட ஒருவர் நினைவிழக்க, மற்றவர் தெளிவோடு இருப்பதுண்டு. இருவருக்கும் வந்தாலும் ஆண்டுகள் முன்பின்னாக வருவதுண்டு. அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

அந்த இடைவெளியை உண்டாக்குவது எது? முதலாவது, இனிப்பு நீர். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுவீடன் இரட்டையரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, நடுவயதிலேயே இனிப்பு நீர் கண்டவர்களுக்கு மறதி நோயின் ஆபத்து மிகுதி. முதுமையில் கண்டவர்களுக்கு அவ்வளவு இல்லை. இதை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். மூன்று பேருக்கு ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் 324 பெண் இரட்டையரைப் பத்தாண்டு இடைவெளியில் சோதித்தார்கள். தொடக்கத்தில் கால்வலிமை மிகுந்திருந்தவர்களின் அறிவுத்திறன் பத்தாண்டுக்குப் பின் குறைவாகவே தளர்ந்திருந்தது. 2016இல் வெளிவந்தது இம்முடிவு. மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பால் சுமந்த நம் தாய்மார்களின் கால்களை நினைத்துக்கொண்டேன். அந்தக் கால்கள் ஓய்வுபெற்ற மறுநாளே நாற்காலியில் அமர்ந்துவிடுகின்றனவே, அதுதான் வருத்தம்.

வேலையைப் பற்றியும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. பலரோடு பேசிப் பழகிச் செய்யும் சிக்கலான தொழில் செய்தவருக்கு ஆபத்து குறைவு என்று அதே சுவீடன் ஏட்டிலிருந்து 2005இல் கண்டார்கள். பால் வெட்டுவது சிக்கலற்ற வேலை என்று யாரேனும் இதிலிருந்து முடிவு கட்டினால் நான் ஒப்பமாட்டேன். இருட்டில், மரத்தின் கட்டையில் காயம் படாமல் பட்டையின் ஆழமறிந்து உளி இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்! ஆனால் தனிமை இருந்தது உண்மை.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. அங்கே பெண்பிள்ளை எத்தனை நாள் அமர்ந்தாள்? தம்பியைத் தூக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் அவளே வேண்டியிருந்தது. சிறுவயதில் கல்வி கிட்டாமை மறதி நோய்க்கு ஒரு காரணம் என்று 2017 முதல் லான்செட் மருத்துவ ஏட்டின் ஆய்வுக்குழு எழுதி வருகிறது. அக்குழு 2024இல் தந்த பட்டியலில் இரத்தக் கொதிப்பு, செவிட்டுத்தன்மை, புகை, மிதமிஞ்சிய மது, தனிமை முதலான 14 காரணங்கள் உள்ளன. அவற்றை நீக்கினால் ஏறக்குறைய 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்களின் கணக்கு. நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டு ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்றது. பள்ளி வாசலை மிதிக்காதவரிடம் அது இன்னும் அதிகம்.

ஆனால் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியிடம் தேதியைக் கேட்டு, கணக்குப் போடச் சொல்லி, தவறினால் நோயாளி என்று எழுதுவது நியாயமா? 1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் இக்கேள்வியை எழுப்பி 10/66 என்னும் ஆய்வுக்குழுவை அமைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஏழை நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்பதே அப்பெயரின் பொருள். படிப்பில்லாதாரைப் பிழையாகக் கணிக்காத சோதனையை அவர்கள் உருவாக்கினார்கள். பின்னர்ச் சென்னையிலும் வேலூர்ச் சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். அச்சோதனையில் ஒரு பகுதி முதியவரிடம் கேட்பதே இல்லை. அவரோடு வாழும் மகளையோ மருமகளையோ அமர்த்தி, முன்பு செய்த வேலைகளை இப்போதும் செய்கிறாரா, வழி தவறுகிறாரா, தெரிந்தவர் பெயரை மறக்கிறாரா என்று கேட்கிறார்கள். வாளியைத் தேடும் பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவர், இக்கேள்விகளுக்கான விடையை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் டாக்டரின் வேலை பாதி குறையும்.