வேலியில்லாத வயலுக்கு ஒரு நீதிமன்றம்

பக்கத்து வயல்காரர் உழும்போது ஒரு சால் நம்ம பக்கம் தள்ளி ஓட்டிட்டா என்ன ஆகும்னு விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்து நண்பர்களுக்காகச் சொல்றேன்: வருஷத்துக்கு ஒரு சால்னா, பத்து வருஷத்துல ஒரு பாத்தியே போயிருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். இந்த மாதிரித் தகராறைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. இன்றைக்கும் கூடுகிறது.

ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தில் ஏராளமான ஊர்கள் இப்படித்தான் இருந்தன. ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல்கள், வேலி கிடையாது. ஒவ்வொருவருக்கும் எல்லா வயலிலும் நீளநீளமான துண்டுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. லாக்ஸ்டனில் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தத்தில் விதைக்கிற பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் முறை மாறும். தன் துண்டுதானே என்று யாரும் இஷ்டத்துக்கு விதைக்க முடியாது.

1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரை அளந்து வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் குறித்திருக்கிறார், நடுநடுவே உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் குட்டிக்குட்டியாக வரைந்திருக்கிறார். நம்ம புலப்படத்துல இந்த அழகெல்லாம் ஏது!

மற்ற ஊர்களை வேலி விழுங்கியது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு சுமார் 68 லட்சம் ஏக்கரை அடைத்தது. மகசூல் கூடியது என்பார்கள், கூடியிருக்கலாம். ஆனால் பொது நிலத்தில் ஒரு மாட்டை மேய்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்தவர்கள் கூலியாட்களாகப் போனார்கள். என்னால் அதைத் தாண்டி மகசூலைப் பார்க்க முடியவில்லை.

லாக்ஸ்டன் தப்பியதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. அங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய பிரபுக்கள் ஒத்துப்போகவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். சண்டையும் சில நேரம் ஊரைக் காப்பாத்துது!

அப்படியே உறைந்துபோன ஊரும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். ஏர் போய் டிராக்டர் வந்தது, விவசாயிகள் குறைந்தார்கள். 1952-இல் மேன்வர்ஸ் பிரபு வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது அதே மேன்வர்ஸ் பிரபுக்களின் பழைய எஸ்டேட்.

இத்தனை கை மாறியும் நீதிமன்றம் நிற்கிறது. 1977-இல் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தையெல்லாம் சட்டம் எடுத்துவிட்டபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே நடுவர்களாகக் கோதுமை வயலைச் சுற்றி வருகிறார்கள். எல்லையில் முளை அடிக்கிறார்கள். பாதையிலோ பொதுப் புல்தரையிலோ யார் கலப்பை ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் மதுக்கடையில் நீதிமன்றம் கூடி அபராதம் போடுகிறது. சில பவுண்டுதான். ஆனா எல்லார் முன்னாடியும் பேரைப் படிக்கிறாங்களே, அது போதாதா? அடுத்த வருஷம் நடுவராக வயல் சுற்றப் போகிறவர்களில் அபராதம் கட்டினவரும் இருக்கலாம்.